உள்நாட்டு நீர்வழிகளும் உலாப் படகோட்டிகளும்
இங்கிலாந்தின் ஆறு, கால்வாய் மீட்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

ஆற்றிலும் கால்வாயிலும் சரக்கேற்றிச் சென்ற படகுகள் பொருளாதார வரலாற்றாசிரியனின் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவன. ஏற்றிய பொருளின் நிறை, அறவிடப்பட்ட வரி, ஈட்டிய இலாபம் என்பன பேரேடுகளிற் பதிவாகியுள்ளன. ஆனால் சரக்கு எதனையும் ஏற்றாது, பயணத்தின் பொருட்டே பயணஞ் செய்தோரின் படகுகள் அப்பேரேடுகளில் இடம்பெறுவது அரிது. எனவே அவை வரலாற்றுக்குப் புறம்பான வெறும் பொழுதுபோக்கு என்றே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நீர்வழி வரலாறு இக்கருத்தை மீளாய்வு செய்யுமாறு எம்மைத் தூண்டுகின்றது. வணிகம் கைவிட்ட பல நூறு மைல் நீர்வழிகள் அங்கு தூர்ந்து மறையாது எஞ்சியமைக்கு, ஒருவரோடொருவர் கூடிப் படகிற் சென்ற உலாப் பயணிகளின் செயல் ஒரு முக்கிய காரணமாயிற்று. அச்செயல் எவ்வாறு தோன்றியது, எதனைக் காத்தது, எதனைக் காக்கத் தவறியது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வணிக நீர்வழிகளின் எழுச்சியும் தளர்ச்சியும்

1761 ஆம் ஆண்டிலே வேர்ஸ்லி என்னுமிடத்திலிருந்த தமது சுரங்கங்களின் நிலக்கரியை மன்செஸ்ரர் நகருக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு பிறிஜ்வோட்டர் கோமகன் ஒரு கால்வாயைத் திறந்தார். ஜேம்ஸ் பிறிண்ட்லி அதன் பொறியியலாளருள் முதன்மையானவர். மன்செஸ்ரரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. இவ்வெற்றியைக் கண்ட முதலாளிகள் கால்வாய்களிற் பெரும் பணத்தை முடக்கினர். ரெண்ற், மேர்சி, செவேண், தேம்ஸ் ஆகிய நான்கு ஆறுகளையும் கால்வாய்களால் இணைப்பதே பிறிண்ட்லி வகுத்த திட்டமாகும். 1790 இல் ஒக்ஸ்போட் கால்வாய் தேம்ஸ் நதியை எட்டியபோது அத்திட்டம் நிறைவெய்தியது. ஓர் ஆற்றிலே புறப்பட்ட படகு, கரையிறங்காமலே மற்றோர் ஆற்றை அடையும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று.

இந்நீர்வழிகளின் அமைப்பைச் சிறிது விளக்குதல் இங்கு வேண்டற்பாலது. மேட்டுநிலத்தைக் கடக்கப் படகை உயர்த்தவும் தாழ்த்தவும் இரு மதகுக் கதவுகளுக்கிடையே ‘லொக்’ எனப்படும் நீர்க்கூடம் கட்டப்பட்டது. மத்திய இங்கிலாந்தின் கால்வாய்கள் பலவற்றில் இக்கூடத்தின் அகலம் 7 அடி. நீளம் 70 அடிக்குச் சற்று அதிகம். படகின் அளவையும் இக்கூடமே நிர்ணயித்தது. சுமார் 25 தொன் நிலக்கரியை ஏற்றிய ஒடுங்கிய படகை ஒரே குதிரை கரையிலே நடந்து இழுத்துச் சென்றது. படகு ஒன்று ஒருமுறை கூடத்தைக் கடக்கும்போது ஏறக்குறைய 25,000 கலன் நீர் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறங்கிவிடும். கால்வாயின் பொருளாதாரம் நீரின் பொருளாதாரமாகவும் இருந்ததென்பதை இதனால் உணரலாம்.

1830 இல் லிவர்பூல்–மன்செஸ்ரர் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதிலிருந்து நிலைமை மாறத் தொடங்கியது. 1840 களிற் பல கால்வாய்களைப் புகையிரதக் கொம்பனிகளே விலைக்கு வாங்கின. போட்டியினாற் கூலி வீழ்ந்தபோது, படகோட்டிகள் பலர் உதவியாளனுக்குச் சம்பளங் கொடுக்க இயலாது மனைவி மக்களைப் படகிலேற்றினர். கரையிலிருந்த வீட்டையும் துறந்தனர். பத்தடி நீளமும் இல்லாத ஒரு சிற்றறையே குடும்பம் முழுவதற்கும் இல்லமாயிற்று. ஓரிடத்தில் நில்லாத பிள்ளைகளுக்குக் கல்வி எட்டாக்கனியாயிற்று. ஜோர்ஜ் சிமித் என்னும் சீர்திருத்தவாதியின் இடையறாக் கிளர்ச்சியின் பயனாக 1877 இலும் 1884 இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் நிறைவேறின. ஆயினும் அறையின் கதவிலே ரோசா மலர்களையும் கோட்டைகளையும் வண்ணந்தீட்டி வாழ்ந்த இம்மக்கள், கரைவாழ் சமூகத்தின் பார்வையில் அந்நியராகவே நீடித்தனர்.

2. ஆற்றுலாவின் தோற்றம்

புகையிரதம் ஆற்றின் சரக்கை அபகரித்ததெனினும், நகர மாந்தரை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேம்ஸ் நதி இலண்டன் நடுத்தர வகுப்பாரின் ஓய்வுக்களமாக மாறிற்று. 1885 இல் இயற்றப்பட்ட தேம்ஸ் பாதுகாப்புச் சட்டம் அந்நதியைப் பொதுமக்களின் பொழுதுபோக்கிடமாகவும் அங்கீகரித்தது. நண்பர் மூவர் ஒரு நாயுடன் தேம்ஸில் மேற்கொண்ட பயணத்தை நகைச்சுவையாகக் கூறும் ஜெறோம் கே. ஜெறோமின் நூல் 1889 இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. நோபோக் பிரதேசத்துச் சதுப்பேரிகளிலும் அவற்றை இணைக்கும் ஆறுகளிலும் வாடகைப் படகுத் தொழில் வளர்ந்தது.

எனினும் இவ்வுலா ஆற்றோடு அமைந்துவிட்டது. தொழிற்சாலைகளின் பின்புறமாகக் கரிய நீருடன் சென்ற கால்வாயை இன்பப் பயணத்துக்குரிய இடமாக எண்ணியோர் மிகச் சிலரே. ஆற்றின் அழகை நாடிய அதே வகுப்பார், கால்வாயில் வாழ்ந்த மக்களை அறியாதிருந்தனர்.

3. கிரெசி என்னும் படகு

இவ்வறியாமையைத் தகர்த்தவர் ரொம் றோல்ற் (1910–1974). பயிற்சி பெற்ற பொறியியலாளரான அவர், ‘கிரெசி’ எனும் பழைய ஒடுங்கிய படகை வீடாக மாற்றி, 1939 ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் மனைவி அஞ்ஜெலாவுடன் பான்பரி நகரிலிருந்து புறப்பட்டார். அவர்கள் பயணஞ் செய்துகொண்டிருக்கையிலேயே இரண்டாம் உலகப்போர் மூண்டது. இப்பயணத்தை விவரிக்கும் அவரது நூல் 1944 இன் இறுதியில் வெளியாயிற்று. வழியிற் சந்தித்த படகோட்டிகளின் தொழில்நுட்பத்தையும் நடையுடை வழக்கங்களையும் அவர் மதிப்புடன் எழுதினார். போரினாற் களைத்திருந்த வாசகர்க்கு, தம் ஊரின் கொல்லைப்புறத்திலேயே வேறோர் உலகம் இருந்தமை வியப்பளித்தது.

நூலைப் படித்து றோல்ற்றுக்குக் கடிதம் எழுதியவர்களுள் ஒருவர் எழுத்தாளரான றொபேட் ஏய்க்மன் (1914–1981). 1945 ஓகஸ்டில் இருவரும் சந்தித்தனர். 1946 பெப்ரவரியில் இலண்டனிலிருந்த ஏய்க்மனின் இல்லத்தில் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் நிறுவப்பட்டது. ஏய்க்மன் தலைவரானார், பின்னாளிற் கால்வாய் வரலாற்றின் முதன்மை ஆசிரியராக விளங்கிய சார்ள்ஸ் ஹற்பீல்ட் உபதலைவரானார், றோல்ற் செயலாளர் பொறுப்பையும் பிராங்க் அயர் பொருளாளர் பொறுப்பையும் ஏற்றனர்.

4. பயன்பாடும் உரிமையும்

இச்சங்கத்தின் செயன்முறையை விளங்கிக்கொள்வதற்குச் சட்டநிலையை நோக்குதல் அவசியம். பெரும்பாலான கால்வாய்கள் பாராளுமன்றச் சட்டங்களாற் பிறந்தவை. உரிய வரியைச் செலுத்திப் படகோட்டும் உரிமையை அச்சட்டங்கள் பொதுமக்களுக்கு வழங்கியிருந்தன. ஆதலின் உரிமையாளர் தாம் விரும்பியவாறு ஒரு கால்வாயை மூடிவிட இயலாது. ஆனால் பராமரிக்காது விட்டுவிடலாம். சேறும் களையும் பெருகிப் படகுகள் வாராதொழிந்த பின்னர், எவரும் பயன்படுத்தவில்லை என்று காரணங் காட்டி, கைவிடுவதற்கு அனுமதி பெறலாம். இந்நிலையில் ஒரு படகு சென்றுவருதலே உரிமைக்குச் சான்றாக அமைந்தது. உலாப் பயணம் சட்ட வினையாக மாறிய புள்ளி இதுவேயாகும்.

1947 மே மாதத்து நிகழ்ச்சி இதற்குச் சிறந்த உதாரணமாகும். பேர்மிங்ஹாமுக்குத் தெற்கே ஸ்ராற்போட் கால்வாயின் குறுக்கே இருந்த உயர்த்தக்கூடிய பாலமொன்று பழுதுற்றபின், அதனிடத்தில் நீர்மட்டத்துக்கு மிகத் தாழ்வாக நிலையான பாலமொன்று இடப்பட்டிருந்தது. கால்வாய் அந்நாளில் ஒரு புகையிரதக் கொம்பனிக்குச் சொந்தமானது. பிரபுக்கள் சபையில் வினா எழுப்பப்பட்டபோது, முன்னறிவித்தல் தரப்படின் பாலம் உயர்த்தப்படும் என்ற விடை கிடைத்தது. விடையைச் சான்றாகக் கொண்டு றோல்ற் தமது வருகையை அறிவித்தார். கொம்பனியின் தொழிலாளர் பாரந்தூக்கிகளாற் பாலத்தை உயர்த்த, களைகளிலும் குப்பைகளிலும் சிக்கிச் சிக்கி வந்த கிரெசி மே 20 ஆந் திகதி அதன் கீழே கடந்து சென்றது. ஒரு படகு கடந்ததால் ஓர் உரிமை உயிர்பெற்றது.

இதன் பின்னர் தனிப் பயணங்கள் கூட்டுப் பயணங்களாக விரிந்தன. இதற்குக் கொள்கையைப் போன்றே நடைமுறைத் தேவையும் காரணமாயிற்று. தூர்ந்த கால்வாயிலே தரைதட்டிய படகை மற்றொரு படகே இழுத்து மீட்க வேண்டும். ஒருவர் முன்னே கரைவழி சென்று நீர்க்கூடத்தை ஆயத்தஞ் செய்ய, ஏனையோர் தாமதமின்றிக் கடக்கலாம். 14 அடி அகலமான கூடங்களில் இரு ஒடுங்கிய படகுகள் அருகருகே நுழையும்போது நீரின் செலவு பாதியாகும். பழைய படகோட்டிகள் தொழில் நிமித்தம் கடைப்பிடித்த இவ்வொழுங்குகளைப் புதிய பயணிகள் அவர்களிடமிருந்தே கற்றனர். 1950 ஓகஸ்டில் மாக்கற் ஹாபரோ நகரில் நடைபெற்ற முதலாவது பெருங்கூட்டத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட படகுகள் வந்து சேர்ந்தன. 1948 முதல் நீர்வழிகளிற் பெரும்பாலானவை அரசுடைமையாகியிருந்த சூழலில், இவ்வளவு படகுகளும் ஓரிடத்திற் கூடியமை ஆட்சியாளர் புறக்கணிக்க முடியாத வாக்குமூலமாயிற்று.

ஸ்ராற்போட் கால்வாயின் தென்பகுதி பற்றிய வழக்கும் ஈண்டு கருதற்பாலது. 1958 இல் உள்ளூராட்சி நிறுவனம் ஒன்று, அண்மைய ஆண்டுகளில் அதில் எவரும் பயணஞ் செய்யவில்லை என்று கூறி, 13 மைல் நீளமான அப்பகுதியைக் கைவிட அனுமதி கோரிற்று. சிறுதோணியில் அவ்வழியே சென்றோர் பெற்றிருந்த வரிச்சீட்டு அக்கூற்றை மறுக்கும் ஆதாரமாக முன்வைக்கப்பட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 1960 இல் ‘நஷனல் ட்றஸ்ற்’ அக்கால்வாயைக் குத்தகைக்குப் பெற்றது. தொண்டர்களும் படைவீரர்களும் சிறைக்கைதிகளுங்கூட உழைத்துத் திருத்திய கால்வாயை 1964 யூலை 11 இல் அரச அன்னை எலிசபெத் திறந்துவைத்தார். அக்கால்வாய் சென்று சேரும் ஏவன் ஆற்றின் மேற்பகுதியும் தொண்டர் உழைப்பினால் 1974 இற் படகுகளுக்குத் திறந்தது.

5. எவர்க்குரிய நீர்வழி?

இவ்வெற்றிகளை மட்டும் கூறி அமைதல் வரலாற்றின் ஒரு பாதியையே கூறுவதாகும். சங்கத்தின் உள்ளேயே ஆழமான கருத்து வேறுபாடு தோன்றியிருந்தது. எல்லா நீர்வழிகளையும் வேறுபாடின்றி மீட்டெடுக்க வேண்டும் என்பது ஏய்க்மனின் நிலைப்பாடு. தொழில் நடைபெறும் கால்வாய்களுக்கு முதலிடம் அளித்து, படகுக் குடும்பங்களின் வாழ்வையும் அவர்தம் மரபையும் காத்தலே தலையாயது என்றார் றோல்ற். 1951 இல் றோல்ற் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே பழுதடைந்த கிரெசியையும் அவர் விட்டு நீங்கினார்.

இரு நிலைப்பாடுகளுள் எது சரியானது? நீர்வழிகள் எஞ்சியமையை நோக்கின் ஏய்க்மனின் பக்கமே வென்றதெனத் தோன்றும். ஆனால் றோல்ற் அஞ்சியதும் நிகழ்ந்தே தீர்ந்தது. 1962–63 இன் கடுங்குளிரிற் கால்வாய்கள் பல வாரங்கள் உறைந்து கிடந்தன. சரக்கு வாடிக்கையாளர் வீதிப் போக்குவரத்தை நாடினர். 1963 இல் அமைக்கப்பட்ட பிரித்தானிய நீர்வழிச் சபை தனது ஒடுங்கிய படகுகளிற் பெரும்பாலானவற்றைச் சேவையிலிருந்து விலக்கியது. 1968 ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் நீர்வழிகளை வணிக நீர்வழி, உலா நீர்வழி, எஞ்சிய நீர்வழி என மூவகைப்படுத்தியது. உலாப் பயணம் ஒரு நீர்வழியைப் பேணுவதற்குப் போதிய காரணம் எனச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அக்காலத்திலேயே படகுக் குடும்பங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. 1970 இல் இலண்டனிலிருந்த ஒரு பழப்பாகு ஆலைக்கு நிலக்கரி கொண்டுசென்ற படகுகள் ஓய்ந்ததோடு, ஒடுங்கிய படகுகளின் நெடுந்தூர ஒழுங்கான சரக்குப் பயணம் ஏறத்தாழ முடிவுற்றது. நீர் காக்கப்பட்டது, அந்நீரின் மீது வாழ்ந்த சமூகம் காக்கப்படவில்லை.

இவ்வினா இன்றும் ஓய்ந்தபாடில்லை. 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளை ஓர் அறநிலையம் நிருவகித்து வருகின்றது. அவற்றில் அனுமதி பெற்ற படகுகள் 30,000 க்கு மேற்பட்டவை. வீட்டு வாடகையின் சுமை தாங்காது படகிற் குடியேறியோரும் அவற்றுள் அடங்குவர். நிலையான தரிப்பிடம் இல்லாத படகு ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் நிற்கலாகாது என்பது 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொதுவிதி. பணிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அண்மையில் தங்க வேண்டியோர்க்கு இவ்விதி இடராகின்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் படகுப் பிள்ளைகளின் கல்வி குறித்து எழுந்த பிரச்சினை வேறோர் உருவில் மீண்டிருத்தல் கவனிக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். பொதுவுரிமை என்பது ஏட்டிலே எழுதப்பட்டிருப்பதனால் மாத்திரம் நிலைப்பதன்று. அதனை வழங்கிவருவோர் உள்ளவரையே அது நிலைக்கும். அவ்வாறு வழங்குதல் தனியொருவரால் தொடங்கப்படலாமெனினும், கூட்டு முயற்சியாலேயே நிலைபெறும். இது முதலாவது. ஓர் இடத்தைக் காப்பதும் அவ்விடத்து மாந்தரைக் காப்பதும் ஒன்றல்ல என்பது இரண்டாவது.

எமது நாட்டு வரலாற்றாய்வாளர்க்கும் இம்முடிவுகள் பயன்படக்கூடியவை. கொழும்பு, நீர்கொழும்பு, புத்தளம் ஆகியவற்றை இணைத்த ஒல்லாந்தர் காலக் கால்வாய்களும், 1802 க்கும் 1804 க்குமிடையில் ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்ரன் கால்வாயும் ஒருகாலத்தில் ‘பாதைப் படகுகள்’ நிறைந்த வணிக வழிகளாக விளங்கின. புகையிரதமும் வீதியும் அவற்றின் வணிகத்தையும் கவர்ந்துகொண்டன. அக்கால்வாய்களை வெட்டுவித்தோரின் பெயர்களை நாம் அறிவோம். அவற்றிலே படகு வலித்தோரின் வாழ்வு, மொழி, பாட்டு, நம்பிக்கை என்பன முறையாகத் தொகுக்கப்படுதல் வேண்டும். றோல்ற் தமது படகை ஓட்டியபடியே அப்பணியையும் செய்தார் என்பதே அவரது பயணத்தின் நிலையான சிறப்பாகும்.