31 சென்டிமீட்டர் கடல்



இரண்டு மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை எனக்குச் சொந்தம். அங்கே குர்ஸ்க் என்ற ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலின் பிளாஸ்டிக் மாதிரி உருவாகிக்கொண்டிருக்கிறது. "முப்பது வயது தாண்டியும் விளையாட்டுச் சாமானா?" என்று அம்மா கேட்கிறார். விளையாட்டாகத்தான் நானும் தொடங்கினேன்.

மாதிரி செய்பவர்களுக்குப் பழைய படங்கள்தான் பாடப்புத்தகம். முதலில் தெரிந்த ஓர் அளவைப் பிடிக்க வேண்டும். குர்ஸ்க்கின் நீளம் 154 மீட்டர். என் மாதிரி 1:350 அளவு, ஆகவே 44 சென்டிமீட்டர். நேர் பக்கவாட்டில் எடுத்த படமென்றால் அடிமட்டம் போதும். சாய்வாக எடுத்த படம் ஏமாற்றும்; கிட்ட இருப்பது பெருத்தும் தூர இருப்பது சிறுத்தும் தெரியும். அப்போது மேல்தளத்தில் நிற்கும் மாலுமியைத் தேடுவேன். அவர் உயரத்தை வைத்துப் பக்கத்தில் உள்ளவற்றை அளக்கலாம். என் மேசையில் அவர் வெறும் 5 மில்லிமீட்டர், ஓர் அரிசியளவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. மிதக்கும்போது கப்பலின் பெரும்பகுதி தண்ணீருக்குள் மறைந்திருக்கும். குர்ஸ்க்கின் அடிப்பகுதி தெரியும் படங்களைத் தேடினேன். கிடைத்தவை 2001 ஒக்டோபரில், ரொஸ்லியகோவோவில் மிதக்கும் தளமொன்றில் எடுத்தவை. அவற்றில் கப்பலுக்கு முன்பகுதியே இல்லை.

2000 ஓகஸ்ட் 12. பேரன்ட்ஸ் கடலில் கடற்படைப் பயிற்சி. ஒரு டார்பிடோவில் இருந்த ஹைட்ரஜன் பெரொக்சைட் கசிந்து வெடித்தது. இரண்டு நிமிடம் கழித்து மற்ற டார்பிடோக்களும் வெடித்தன. கப்பலில் இருந்த 118 பேரும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, சிதைந்த முன்பகுதியைக் கடலடியிலேயே அறுத்து விட்டுவிட்டு, நெதர்லாந்து நிறுவனங்கள் மீதியை மேலே தூக்கின.

ஆனால் எல்லோரும் அந்த நொடியிலேயே இறக்கவில்லை. 23 பேர் பின்பக்கம் ஒன்பதாவது அறையில் கூடினார்கள். 27 வயது அதிகாரி திமித்ரி கொலெஸ்னிகோவ் இருட்டில் ஒரு தாளில் அவர்களின் பெயர்களை எழுதினார். அந்தத் தாள் பிறகு அவர் உடலோடு கிடைத்தது. வெளிநாட்டு உதவியை ரஷ்யா ஏற்றுக்கொண்டது ஓகஸ்ட் 16இல்தான். 21ஆம் திகதி நோர்வே சுழியோடிகள் அந்த அறையின் அவசரக் கதவைத் திறந்தபோது, உள்ளே தண்ணீர்தான் இருந்தது.

கப்பல் கிடந்த ஆழம் 108 மீட்டர். பழக்கதோஷத்தில் அதையும் 350ஆல் வகுத்துப் பார்த்தேன். 31 சென்டிமீட்டர். கப்பல் 44, கடல் 31! செங்குத்தாக நிறுத்தினால் கப்பலின் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு தண்ணீருக்கு மேலே நிற்கும். அடிமட்டத்தை மேசையில் நிறுத்தி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் எதையும் ஒட்டாமல் இருந்தேன். அவ்வளவு கிட்டத்திலா இருந்தார்கள்?

தொடங்கியபோது என் கண் போனது 24 கிரானிட் ஏவுகணைகளின் மூடிகளுக்குத்தான். இப்போது பின்பக்கத்து அவசரக் கதவுக்கான படங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். 1:350இல் அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வட்டம். கவனிக்காமல் பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும்.

நேற்று அம்மா வந்து, "இது என்ன சின்னப் புள்ளி?" என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, மேசை விளக்கை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அதை வடிவாகச் செய்" என்றார்.