நெடுந்தீவு: மரபுக் கிராமச் சுற்றுலாவும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும்

பழைய குடியிருப்பு ஒன்றை அதன் வீடுகள், வேலிகள், கிணறுகள், மேய்ச்சல் தரைகளோடு பார்வையாளருக்குத் திறந்துவிடும்போது நிலத்துக்கும் நீருக்கும் உயிரினங்களுக்கும் அங்கு வாழும் குடிகளுக்கும் என்ன நேரும் என்பதை முன்கூட்டிக் கணிக்கும் நடைமுறையே மரபுக் கிராமச் சுற்றுலாவின் சுற்றாடல் தாக்க மதிப்பீடு. சுற்றாடல் தாக்க மதிப்பீடு 1970 இல் அமெரிக்காவில் சட்டமாயிற்று. இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இதைக் கட்டாயமாக்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, யாழ் மாவட்டத்தின் பெரிய தீவுகளில் ஒன்றான நெடுந்தீவு இந்த நடைமுறையின் பலத்தையும் ஓட்டைகளையும் ஒருங்கே காட்டும் இடம்.

தீவும் அதன் மரபும்

ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவுக்குப் புங்குடுதீவின் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஒல்லாந்தர் தம் ஊரொன்றின் பெயரால் இதை டெல்வ்ற் என்றனர். சிதைந்த கோட்டை, வெடியரசன் கோட்டை எனப்படும் இடிபாடுகள், குதிரை லாயத் தூண்கள், புறாக்கூடு, உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்குமரம், ஒல்லாந்தரும் அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயரும் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் ஆகியவற்றைக் காணவே பெரும்பாலோர் வருகின்றனர். ஆனால் தீவின் உண்மையான மரபுச் சின்னம் அதன் வேலிகள்தாம். குடாநாட்டில் கிடுகும் பனையோலையும் செய்யும் வேலையை இங்கே சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கற்கள் செய்கின்றன. கோட்டையைச் சுற்றிக் கயிறு கட்டிக் காக்கலாம். காணிக்குக் காணி ஓடும் வேலியைக் காப்பதற்கு ஊரே வேண்டும்.

நீர்

மதிப்பீட்டில் மற்ற எதையும்விட அதிக பக்கங்கள் பெறவேண்டியது நீர். ஆறில்லாத இந்த நிலப்பரப்பில் மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி சற்றுக் குறைவு என்பதே காரணம். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர்வரை அது இறங்கியிருக்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. அதே கணக்கு மறுபுறமும் செல்லும்: மேலே ஒரு சாண் குறைந்தால் கீழேயிருந்து உவர்நீர் 40 சாண் ஏறும். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் எங்கும் கிடைப்பதில்லை. சாராப்பிட்டிக் கிணறுகள் போன்ற சில இடங்களே குடிநீருக்குப் பேர்போனவை. எஞ்சியவற்றில் பல உவர்.

மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து தீர்ந்துவிடும். சுற்றுலாப் பயணிகள் வருவதோ சித்திரை விடுமுறையிலும், நல்லூர்த் திருவிழாவையொட்டிப் புலம்பெயர்ந்தோர் ஊர் திரும்பும் ஆடி ஆவணியிலும். கிணறு அடிமட்டத்துக்குப் போகும் மாதங்களில்தான் குளியலறைத் திருகுபிடிகள் அதிகம் திறக்கப்படும். எனவே ஆண்டுச் சராசரி நீர்க் கணக்கு ஒன்றை ஒட்டிவைத்த அறிக்கை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனற்றது. ஆவணிக் கணக்கைத்தான் பார்க்கவேண்டும். வாளியால் அள்ளும்வரை கிணற்றுக்கு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. மின்மோட்டார் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் 1,700 கிலோவாற் சூரியசக்தியும் 530 கிலோவாற் காற்றுச்சக்தியும் கொண்ட கலப்பு மின்திட்டத்துக்கு இந்தியாவின் 1.1 கோடி அமெரிக்க டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. டீசல் புகை குறைவது நன்மையே. தடையற்ற மின்சாரம் கிணறுகளிலிருந்து இறைக்கும் அளவை எப்படி மாற்றும் என்ற கேள்வி அதனோடு சேர்ந்தே எழுகிறது.

மலசலகூடக் குழிகளும் இதே வெடிப்புக்கல்லில்தான் தோண்டப்படுகின்றன. மணல் வடிகட்டித் தருவதுபோல் இந்தக் கல் வடிகட்டித் தராது. குடாநாட்டில் இதற்குக் கசப்பான முன்னுதாரணம் உண்டு. சுன்னாகம் மின்நிலையக் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த வழக்கில், நோதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தங்குவிடுதி மின்நிலையம் ஆகாதுதான். ஆனால் கல் அதே கல்.

கல், மரம், குதிரை

கடற்கரை வலயத்தில் பவளக்கல் அகழ்வதும் சுண்ணாம்புச் சூளை நடத்துவதும் 1988 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் திருத்தச் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. நல்ல சட்டம். ஆனால் ‘மரபு பாணி’யில் விடுதி கட்ட விரும்புபவருக்குக் கல் எங்கிருந்து வரும்? ஆளில்லாக் காணிகளின் பழைய வேலிகளிலிருந்து வரும் ஆபத்தே அதிகம். ஒரு மரபைப் போலிசெய்ய அதன் மூலத்தைப் பிரித்தெடுக்கும் இந்த விபரீதத்தை மதிப்பீட்டாளர்கள் கட்டடப் பொருள் அட்டவணையில் தேடிப் பார்க்கவேண்டும். பெருக்குமரத்தைப் பொறுத்தவரை, வேரடி மண் காலடிபட்டு இறுகுவதே முதன்மைக் கவலை.

மட்டக்குதிரைகள் தரவை எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் மாடுகளோடு மேய்கின்றன. வறட்சியில் அவை நீரின்றி இறந்த செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. படம் எடுக்க வாகனத்தில் துரத்தும் கூட்டம், வற்றிக்கொண்டிருக்கும் நீர்க்குட்டையிலிருந்து அவற்றை அகற்றிவிடும். கோடையில் அதை அவை தாங்கமாட்டா.

சட்டம் எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது

1993 ஜூன் 24 ஆம் திகதி வெளியான 772/22 இலக்க வர்த்தமானி, மதிப்பீடு தேவைப்படும் திட்டங்களை வரையறுத்தது. 99 அறைகளுக்கு மேற்பட்ட, அல்லது 40 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஹோட்டல்களும் விடுமுறை விடுதிகளும் அதில் அடங்கும். நெடுந்தீவில் 99 அறை விடுதியை எவரும் கட்டப்போவதில்லை. அங்கே வளர்வது நான்கறை விருந்தினர் இல்லம், இரண்டு உணவகம், அகலமாக்கிய ஒரு வீதி, நீட்டிய ஓர் இறங்குதுறை என்ற வகை. ஒவ்வொன்றும் வரம்புக்குக் கீழே. கூட்டினால் ஒரு பெருந்திட்டம். கூட்டிப் பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை என்பதே இந்த நடைமுறையின் மிகப் பெரிய குறை.

வேறு சட்டங்கள் ஓரளவு கைகொடுக்கின்றன. தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி தொல்சின்னத்திலிருந்து 400 யார் எல்லைக்குள் கட்டடம் எழுப்பத் தொல்பொருள் திணைக்களத்தின் கட்டுப்பாடு உண்டு. உயர் நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். 2015 ஜூனில் தீவின் 1,846 ஹெக்டேயர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், தேசியப் பூங்காவாகப் பிரகடனமானது. பூங்கா எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி தேவை. ஒடுங்கிய தீவொன்றில் இந்த எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. விளைவாக, பாட்டன் காணியில் மலசலகூடம் கட்ட நினைக்கும் தீவுவாசி பல கந்தோர்களுக்கு அலைகிறார். வசதியுள்ள முதலீட்டாளருக்கோ கோப்பைக் கொண்டு திரிய ஆள் இருக்கிறது. கடுமையான சட்டம் எப்போதும் சுற்றாடலைக் காக்கும் என்று நம்புவோர் இந்த ஏற்றத்தாழ்வையும் கணக்கில் எடுப்பது நல்லது.

தனித்தனித் திட்டமாகப் பார்க்காமல் பிரதேசம் முழுவதையும் ஒரே படத்தில் பார்த்த முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. போருக்குப் பின் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் இடர் முகாமைத்துவ நிலையமும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் துணையோடு தயாரித்து 2014 இல் வெளியிட்ட வட மாகாண ஒருங்கிணைந்த உபாயச் சுற்றாடல் மதிப்பீடுதான் அது. காடு, நீர், தொல்லியல், குடியிருப்பு, சுற்றுலா ஆகியவற்றின் வரைபடங்களை ஒன்றோடொன்று பொருத்தி, எங்கே எது மோதும் என்று அது காட்டியது. தீவுக்கென்று அதே முறையில் ஒரு சிறு வடிவம் செய்து, நாளொன்றுக்கு எத்தனை பேர் இறங்கலாம், எத்தனை அறை இயங்கலாம் என்ற எண்ணிக்கையைக் கோடைகால நன்னீரிலிருந்து பெறுவதே பொருத்தமான வழி. குறிகாட்டுவானிலிருந்து மட்டுமே பெரும்பாலோர் ஏறுவதால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் இங்கே எளிது. நாலாபக்கமும் வீதியுள்ள குடாநாட்டுக் கிராமம் எதற்கும் இந்த வசதி இல்லை.

பொதுமக்கள் பங்கு

முழு மதிப்பீட்டு அறிக்கை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும், தமிழிலும் கிடைக்கவேண்டும். சிறிய திட்டங்களுக்கான தொடக்கச் சுற்றாடல் பரிசோதனையில் கட்டாயக் கருத்துக்கேட்பு இல்லை என்பதால், எந்த வகை அறிக்கை தேவை என்று தீர்மானிக்கும் கட்டத்திலேயே ஊரவர் விழித்திருப்பது முக்கியம். எழுத்தில் வரும் ஆட்சேபத்துக்குத் திட்டக்காரர் எழுத்திலேயே பதில் தரவேண்டும். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும், எந்தத் தரவையில் குதிரை எப்போது இறங்கும் என்பவை ஆய்வாளரின் இரண்டுவாரக் கள வேலையில் அகப்படாதவை. அவற்றை அறிந்த நெடுந்தீவு மக்கள் அந்த 30 நாளுக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும்.