ஒரே மாவட்டம், இரண்டு கரை: படிப்பு நேரத்தின் கதை

"அண்ணா, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் படிச்சா கம்பஸ் கிடைக்கும்?"

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வந்து, கொஞ்சத்தில் தவறிப்போன தம்பி தங்கைகள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். இரண்டாம் தடவை எழுதப்போகிறவர்கள். கேட்கும்போதே கையில் ஒரு கொப்பித் தாள் இருக்கும். ரூல் அடித்து, மூன்று நிறப் பேனையால் நேரசூசி போட்டிருப்பார்கள். காலை நாலு மணிக்கு இரசாயனவியல், ஆறு மணிக்குப் பௌதிகவியல், இரவு பதினொரு மணிக்குப் பாஸ்ட் பேப்பர். நானும் போட்டவன்தான். என்ட நேரசூசி மூன்று நாள் தாங்கினது.

இது புத்திமதி கேட்கிற கேள்வி மாதிரித் தெரியும். எனக்கென்னவோ இது வரலாற்றுக் கேள்வியாகத்தான் படுகிறது. மட்டக்களப்பு வாவியின் இரண்டு பக்கத்திலும் ஒரு மாணவனுடைய நேரம் அவனுடைய கையில் மட்டும் இருந்ததில்லை. தோணி, மண்ணெண்ணெய், ஊரடங்கு, கரண்ட், பஸ் எல்லாம் அதில் பங்கு கேட்டன. மிச்சம் பிடித்துப் படித்த நேரத்துக்கு என்ன புள்ளி, அந்தப் புள்ளிக்கு என்ன இடம் என்ற கணக்கைக் கொழும்பு அடிக்கடி மாற்றியது.

எங்கட பக்கத்தில் சோதனைக்குப் படித்தவர்களின் கதையைச் சுவாமி விபுலானந்தரில் இருந்து தொடங்கலாம். சிலையாகவும் பாடசாலைப் பெயராகவும் பார்த்துப் பழகினதால், அவர் ஒரு கட்டத்தில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞன் என்பதை மறந்துவிடுகிறோம். 1892இல் காரைதீவில் பிறந்தவர். இன்று அம்பாறை மாவட்டம். 1961இல் அம்பாறை பிரியும்வரை மட்டக்களப்பு. பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேறினார். பிறகு ஆசிரியர் வேலை, கொழும்பில் ஆசிரிய பயிற்சி. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை. 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.சி. இடையில் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தார். லண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே வெளிவாரி மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே இருந்து படிக்கத் தேவையில்லை, பாடத்திட்டத்தைப் பார்த்துத் தானாகப் படித்துப் பரீட்சை எழுதலாம். பகலில் படிப்பித்து, மிச்ச நேரத்தில் ஒருபக்கம் இலக்கணம், மறுபக்கம் விஞ்ஞானம் என்று படித்த மனிதருக்கு நேரசூசி எப்படி இருந்திருக்கும்! ஒன்று கவனியுங்கள்: அவருக்கு வேண்டியது தேர்ச்சி மட்டும்தான். பக்கத்து ஊர்ப் பையன் எவ்வளவு எடுத்தான் என்பது அவருடைய முடிவை மாற்றாது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்தபிறகு நிலைமை வேறு. இடம் கொஞ்சம், ஆட்கள் கூட. 1945இல் இலவசக் கல்வி வந்து, மத்திய கல்லூரிகள் கிராமங்களுக்கும் வந்தபிறகு ஆட்கள் இன்னும் கூடினார்கள். தேறினால் போதாது, மற்றவனை முந்தவேண்டும் என்ற போட்டிப் பரீட்சை அப்படித்தான் வந்தது.

பிறகு தரப்படுத்தல். இதை எங்கட வீடுகளில் எல்லாரும் ஒரே கதையாகத்தான் சொல்வார்கள். 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவனுக்கு 400க்கு 250 வேண்டும், சிங்களமொழி மூல மாணவனுக்கு 229 போதும். பொறியியலுக்கு 250க்கு எதிரே 227. அநியாயம் என்பதில் இரண்டு கதை இல்லை. ஒரே படிப்பு, ஒரே இரவுகள், மொழியைப் பார்த்து விலை.

ஆனால் 1974இல் வந்த மாவட்டக் கோட்டாவைப் பற்றிப் பேசும்போது கதை கொஞ்சம் சிக்கலாகிறது. 1969இல் சனத்தொகையில் 7 வீதமான வடமாகாணம் விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளில் 27.5 வீத இடங்களைப் பிடித்திருந்தது. கோட்டா வந்ததும் யாழ்ப்பாணத்துக்கு விழுந்த அடி பெரிது. அந்தக் கோபம் பிறகு என்னவாக மாறியது என்று எல்லாருக்கும் தெரியும். மட்டக்களப்பில் அதே கோட்டா ஒரு கதவைத் திறந்தது. விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடமும் ஆசிரியரும் குறைந்த எங்கட மாவட்டத்துக்கு, சனத்தொகைக்கு ஏற்ற இடம் கிடைக்கத் தொடங்கியது. இதை வெளியே சொல்லப் பலருக்குக் கூச்சம். வடக்கின் காயத்தை மறுக்காமலே இதையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சொல்லாமல் விட்டால் கிழக்கின் கல்வி வரலாறு எப்போதும் யாழ்ப்பாணக் கதையின் அடிக்குறிப்பாகவே இருக்கும்.

கோட்டா ஒரு விசயத்தைக் கண்டுகொள்ளவில்லை. கொழும்பிலிருந்து பார்த்தால் மட்டக்களப்பு ஒரு மாவட்டம். வாவிக்கரையில் நின்று பார்த்தால் அது இரண்டு. கடல் பக்கம் எழுவான்கரை. வயல் பக்கம் படுவான்கரை. பேர்பெற்ற பாடசாலைகள், பிறகு வந்த ரியூசன் வகுப்புகள், பெரிய ஆஸ்பத்திரி, கந்தோர் எல்லாம் பெரும்பாலும் எழுவான்கரையிலும் நகரத்திலும்தான். படுவான்கரைப் பிள்ளைக்கும் நகரப் பிள்ளைக்கும் கோட்டா ஒன்றுதான், வெட்டுப்புள்ளியும் ஒன்றுதான்.

என்ட மாமி எண்பதுகளின் தொடக்கத்தில் மண்முனைத் துறையால் வந்து படித்தவ. எங்கட ஊரில் 'பாதை' எண்டால் தெரு இல்லை. ஆளையும் சைக்கிளையும் மாட்டுவண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை. "எங்கட நேரசூசிய பாதைக்காரர்தான் மனே போட்டவர்" என்பா மாமி. பள்ளி விட்டபிறகு சேர் ஒரு மணித்தியாலம் கூடப் படிப்பித்தாலும் இருக்கமுடியாது. பாதை போயிற்றெண்டா அக்கரையில் நிற்கவேண்டியதுதான். வீட்டில் கரண்ட் இல்லை. குப்பி விளக்கு. எண்ணெய் முடிஞ்சா படிப்பு முடிஞ்சுது. "விளக்க நூத்துப்போட்டுப் படு புள்ள" என்று அம்மம்மா சொல்வது பிள்ளையின் கண்ணுக்காக மட்டும் இல்லை, நாளைக்கும் எண்ணெய் வேண்டுமே என்றுதான்.

1981இல் மட்டக்களப்பு பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையில் தொடங்கியது. ஒரு மத்திய மகாவித்தியாலயத்தின் கட்டடங்களில்தான் அது குடிபுகுந்தது. 1986இல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. பேராதனையையும் கொழும்பையும் கனவு கண்டவர்களுக்குப் பஸ் தூரத்தில் ஒரு கம்பஸ். நாலு வருசம் கழித்து, 1990இல், அதே வளாகம் அகதி முகாம். அந்த வருசம் செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவில்லை. படிக்க ஆசைப்பட்டுப் பெயர் எழுதின இடம், தேடிக்கொண்டிருக்கிறவர்களின் இடமாகவும் ஆனது.

அதற்குப் பிறகான வருசங்களில் நேரம் என்றால் ஊரடங்கு நேரம். நகரம் இராணுவத்திடம், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம். வவுணதீவால் வருகிற பிள்ளை காவலரணில் வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, பிறகுதான் வகுப்புக்கு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து எழுவான்கரைப் பிள்ளைகளின் கொப்பிகளையும் கொண்டுபோனது. 2007இல் படுவான்கரை முழுக்க இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்தது. தரப்பாள் கூடாரத்துக்குள் இருந்து ஓகஸ்ட் சோதனைக்குத் தயார்ப்படுத்தினவர்கள் எங்களுக்கு மூத்த அண்ணாமார், அக்காமார்.

இதற்கிடையில் புள்ளியின் கணக்கு இன்னொரு தடவை மாறியிருந்தது. நாலு பாடம் மூன்றாகி, 2001 பரீட்சையில் இருந்து இசட் புள்ளி. மொத்தப் புள்ளியை வைத்து யோசிக்கிற பழக்கம் எங்களுக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் நேரசூசியும் பிழைக்கிறது. இசட் புள்ளி என்பது நீ எடுத்த புள்ளியில் இருந்து நாட்டின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிப்பது. மூன்று பாடத்துக்கும் தனித்தனியே எடுத்து, பிறகு சராசரி. உதாரணத்துக்கு ஒரு பாடத்தில் சராசரி 40, விலகல் 15 என்று வையுங்கள். 70 எடுத்தால் இசட் 2. இன்னொன்றில் சராசரி 55, விலகல் 20. 75 எடுத்தால் இசட் 1தான். கூடப் புள்ளி, பாதி மதிப்பு! எல்லாரும் நெருங்கி நிற்கிற பாடத்தில் பத்துப் புள்ளி கூட்டினால் தாவல் பெரிது. பரந்து நிற்கிற பாடத்தில் அதே பத்துக்குத் தாவல் சின்னது. ஆக, பிடித்த பாடத்துக்கு ஐந்து மணித்தியாலம், பிடிக்காத பாடத்துக்கு அரை மணித்தியாலம் என்று நேரசூசி போடுகிறவர் (நான் போட்டது அதுதான்) 75ஐ 80 ஆக்கக் கஷ்டப்படுகிறார். 40ஐ 55 ஆக்கினால் இதைவிடக் கூடக் கிடைக்கும், அதுவும் சுலபமாக.

இந்தக் கணக்கும் எப்போதும் ஒழுங்காக நடந்ததில்லை. 2011இல் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒன்றாகக் கலந்து இசட் போட்டார்கள். உயர்நீதிமன்றம் வரை போய், 2012இல் இரண்டையும் பிரித்து மறுபடி கணிக்கச் சொன்னது. ஒரு வருசம் முழுக்க எத்தனை பிள்ளைகள் தங்கட இடம் எதுவென்று தெரியாமல் இருந்தார்கள்.

இன்றைய விதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் மட்டக்களப்பும் இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளேயே மட்டக்களப்பு மேற்கு என்று படுவான்கரைக்குத் தனிக் கல்வி வலயம் இருந்தும், அனுமதிக் கணக்கில் அதற்குத் தனி இடம் இல்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது. மாமி காத்திருந்த பாதை போய், வாவியை இப்போது நிமிசத்தில் கடக்கலாம். கரண்டும் வந்துவிட்டது. வந்த கரண்டும் 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. 2023 ஜனவரியில் தொடங்கிய உயர்தரப் பரீட்சையின்போது மின்வெட்டை நிறுத்துவதா இல்லையா என்று மனித உரிமை ஆணைக்குழுவும் மின்சாரசபையும் இழுபட்டுக்கொண்டிருக்க, பிள்ளைகள் மெழுகுதிரியோடு இருந்தார்கள். அம்மம்மாக்களுக்கு அது புதுசில்லை.

போன மாதம் படுவான்கரைப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி நேரசூசியோடு வந்தா. முதல் தடவை உயிரியலில் நல்ல புள்ளி, பௌதிகவியல் விழுத்திவிட்டது. நிறப் பேனை ஒன்றும் இல்லை, பென்சிலில்தான் கீறியிருந்தா. நான் பாடங்களை இடம் மாற்றச் சொல்லலாம் என்று பார்த்தேன். காலை ஐந்தரையில் இருந்து ஏழு வரை ஒரு பெட்டி, பின்னேரம் ஐந்தில் இருந்து ஆறரை வரை இன்னொரு பெட்டி. இரண்டிலும் பாடத்தின் பெயர் இல்லை, 'பஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. அதைத் தொடாமல் மிச்சத்தில் பௌதிகவியலுக்கு எங்கே இடம் எடுக்கலாம் என்று இருவரும் இருந்து அழித்து அழித்து எழுதினோம்.