ஔவை சண்முகம்



விளக்கேற்றும் நேரம் வந்துவிட்டால், இன்று தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களிலும் தொலைக்காட்சித் தொடர்களின் ஒலி கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஒரே நடிகையை ஐந்தாண்டு, ஆறாண்டு நாள்தோறும் கண்டு பழகிய தாய்மார்கள், அவரைக் கதைப் பாத்திரத்தின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். அவருக்குக் கதையில் துன்பம் நேர்ந்தால் தம் வீட்டுப் பெண்ணுக்கே நேர்ந்ததுபோல் வருந்துகிறார்கள். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் ஏற்பட்டது 1975-ஆம் ஆண்டில்தான். ஆயினும், ஒரு வேடத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கி, அந்த வேடத்தின் பெயரையே தம் பெயராகப் பெறும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. அவ்வாறு பெயர் பெற்ற ஒருவரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் நம் ஊர்ப் பெரிய கோயிலுக்குச் செல்வோம். அங்கே இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக் கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பவனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்குமாறு அது பணிக்கிறது. நெல் விளையும் நாட்டில் நடிகனுக்கு நெல்லே ஊதியம். அவன் பெயருக்குக் கல்லிலே இடம். நடிகனை மதித்த நாடு இது. பிற்காலத்தில் ‘கூத்தாடி’ என்னும் சொல்லே வசைச்சொல்லாகிவிட்டது. அந்த வசையைத் துடைக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் தி. க. சண்முகம்.

அவர் 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளையும் நடிகரே. தவத்திரு சங்கரதாச சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தபோது, ஆறே வயதான சண்முகம் தம் தமையன்மார் சங்கரன், முத்துசாமி ஆகியோருடன் அதில் சேர்ந்தார். சிறுவர்களே எல்லா வேடங்களையும் ஏற்கும் நாடகக் குழு அது. இத்தகைய குழுக்களை மக்கள் ‘பாய்ஸ் கம்பெனி’ என்று அழைத்தனர்.

அந்தக் கம்பெனி வாழ்க்கை எளிதானதா? எல்லாரும் ஒரே வீட்டில் உண்டு, ஒரே வீட்டில் உறங்க வேண்டும். பகலெல்லாம் பாடமும் பாட்டும் ஒத்திகையும். இரவில் தொடங்கும் நாடகம் விடியும் தறுவாயில் முடியும். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுவர்களை வாட்டிய அச்சம் ஒன்று உண்டு. அது ‘மகரக்கட்டு’. பருவம் வந்து குரல் உடைந்துவிட்டால், நேற்றுவரை கதாநாயகனாகவோ நாயகியாகவோ விளங்கியவன் இன்று மூலையில் நிற்க வேண்டியதுதான். அதற்குப்பின் மீண்டு எழுந்தவர் சிலர், மறைந்துபோனவர் பலர்.

சிறுவன் சண்முகத்திற்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஓர் இரவுக்குள் எழுதி முடித்தார் என்று நாடக உலகில் கூறுவர். அந்தப் பெரியார் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தபோது சண்முகத்திற்கு வயது பத்து. மூன்றாண்டுகளுக்குள், 1925-இல், சகோதரர்கள் தமக்கெனச் சொந்த சபை ஒன்றைத் தொடங்கினர். இளையவர் பகவதியும் அதில் விளங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று நாடு போற்றிய குழு அதுவே.

நம் சோழ நாட்டோடும் அவர்களுக்கு உறவு உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாவலை அவர்கள் நாடகமாக நடித்தனர். 1935-இல் அது திரைப்படமும் ஆயிற்று. அரு. இராமநாதன் எழுதிய ‘இராஜராஜ சோழன்’ நாடகத்தை அரங்கேற்றியவர்களும் அவர்களே. பெரிய கோயிலைக் கட்டிய மன்னன் மீண்டும் மேடை ஏறினான். அந்நாடகம் 1973-இல் திரைப்படமாக வந்தபோது நான் பள்ளி மாணவன்.

சண்முகத்திற்கு அழியாப் புகழ் தந்தது ‘ஔவையார்’ நாடகம். முப்பது வயதை ஒட்டிய ஆடவர், கூனிய முதுகும் தளர்ந்த நடையுமாகத் தமிழ் மூதாட்டியாக மாறினார். பல்லாண்டுகள் அந்த வேடத்தைத் தாங்கினார். அதனால் மக்கள் அவரை ‘ஔவை சண்முகம்’ என்றே அழைத்தனர். 1944-இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டி, நடிகர்களின் நிலை உயர வழி தேடினார். 1971-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1973-இல் மறைந்தார். சென்னையில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிறுவராக அவருடைய சபையில் பயின்ற கமல்ஹாசன், 1996-இல் வெளிவந்த தம் படத்திற்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயரிட்டார்.

இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். ஊர் நாடகங்களில் நடிப்பான். அதனால் வகுப்புக்குச் சில நாள் வரமாட்டான். நான் அவன் தந்தையை அழைத்து, “கூத்தாடிப் பிழைப்பு நம் பிள்ளைக்கு வேண்டாம்” என்றேன். அவர் தலையசைத்தார். பையன் நடிப்பை விட்டான். பல்லாண்டு கழித்து அவனை அரிசிக் கடை முதலாளியாகச் சந்தித்தேன். வணங்கி, நாற்காலி போட்டு உட்கார வைத்தான். விடைபெறும்போது, “ஐயா, நான் நடித்திருந்தால் தேறியிருப்பேனா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் விடை இல்லை.

சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ நூலை ஓய்வு பெற்ற பின்னரே ஊன்றிப் படித்தேன். பள்ளியில் கற்க வேண்டிய வயதில் மேடையேறியவர் அத்துணைத் தெளிவான தமிழ் எழுதுவது கண்டு வியந்தேன். அவருக்கு நாடகமே பள்ளி, சுவாமிகளே ஆசிரியர். ஆனால், இதைக் கேட்டுவிட்டு நீங்கள் பள்ளியை விட்டு ஓடலாம் என்று எண்ணிவிடாதீர்கள்! அந்தக் கம்பெனிகளில் சேர்ந்த சிறுவர் பலருள் சண்முகம் ஆனவர் சிலரே. பதினான்கு வயதுவரை கல்வி குழந்தையின் உரிமை என்று 2009-இல் நாடு சட்டம் செய்தது நன்றே. பையனைப் பள்ளிக்கு அழைத்தது என் தவறன்று. பள்ளிக்குள் அவனுக்கு ஒரு மேடை அமைக்காததும், அவன் கலையை இழிசொல்லால் குறித்ததுமே என் தவறு.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: ஆண்டு விழா நாடகத்தை வீண் பொழுதென்று தள்ளாதீர்கள். மாணவர்களே, தொலைக்காட்சியில் நாள்தோறும் தோன்றும் நடிகரைக் காணும்போது, அந்த முகத்தின் பின்னே உள்ள உழைப்பையும் எண்ணிப் பாருங்கள். 120 கலம் நெல் அளந்த மன்னனுக்கு அந்த உழைப்பின் மதிப்புத் தெரிந்திருந்தது. நமக்கும் தெரிய வேண்டாமா?