நோயாளியோடு போகாத காகிதம்

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'தொஸ்ஸியே' என்று ஒரு சொல் சொல்லிக்கொடுத்தார்கள். கோப்பு என்று பொருள். 'தோ' என்றால் முதுகு. காகிதக் கட்டின் முதுகில் சீட்டு ஒட்டி, அது யாருடையது என்று எழுதிவைப்பதால் அந்தப் பெயர். பிற்பாடு குமாஸ்தா உத்தியோகத்தில் என் காலம் முழுவதும் அந்தக் கட்டுகளோடுதான் கழிந்தது. ஒருவர் மாற்றலாகிப் போனால் அவருடைய சர்வீஸ் புத்தகமும் பின்னாலேயே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் சம்பளம் நிற்கும்.

நோயாளியின் காகிதம் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை, மகனோடு வசிக்க வந்த இந்தப் பிள்ளைப்பாக்கத்தில் பார்த்தேன்.

எங்கள் தெருவில் ஒரு பையன். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்தவன். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது அவன் பைக்கில் லாரி மோதிவிட்டது. தலையில் அடி. உயிர் பிழைத்தான். ஆனால் தொண்டையில் துளையிட்டுக் குழாய், மூக்கு வழியாக ஆகாரம், படுக்கைப் புண் என்று மாதக்கணக்கில் நீண்டது. மூன்று ஆஸ்பத்திரிகள் மாறினான். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போனபோது டிஸ்சார்ஜ் சம்மரி கூடவே போகவில்லை. வலிப்புக்கு அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை இரண்டு நாள் விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் வலிப்பு வந்து, தேறிவந்தவன் மறுபடியும் ஐ.சி.யு.வுக்குப் போனான். அவன் தாயார் என்னிடம், "ஐயா, எந்தப் பேப்பரை யார்கிட்ட காட்டணும்னு ஒருத்தரும் சொல்லலியே" என்று அழுதார்.

அன்றிரவு எனக்குக் கணிதமேதை ராமானுஜன் ஞாபகம் வந்தார். 1917-இல் இங்கிலாந்தில் நோயில் விழுந்த அவர் கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ விடுதி, மெண்டிப் குன்றில் ஒரு சானடோரியம், பிறகு மேட்லாக், பிறகு லண்டன், கடைசியில் பட்னி என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். வைத்தியர்களின் அபிப்பிராயமும் மாறிக்கொண்டே இருந்தது. காசநோய் என்பதே அதிகம் பேசப்பட்டது. 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. வெகுகாலம் கழித்து, 1994-இல், டி.ஏ.பி. யங் என்ற ஆங்கில மருத்துவர் பழைய ஆதாரங்களை ஆராய்ந்து, அது காசநோய் அல்ல, இளவயதில் வந்த சீதபேதியின் மிச்சமாகக் கல்லீரலில் தங்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்றார். அக்காலத்திலேயே வைத்தியம் இருந்த நோய் அது. அவர் சொன்னது சரியானால், அந்தப் பழைய சீதபேதியை ஆதிமுதல் அந்தம்வரை ஒரே கட்டாக வைத்து யாராவது படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மெண்டிப் குன்றில் ராமானுஜனைக் கவனித்தவர் டாக்டர் சவுரிமுத்து, நம்மவர்தான். 1914-இல் ராமானுஜன் சென்ற அதே கப்பலில் பயணம் செய்தவர். இங்கிருந்து ஒரகடம், படப்பை வழியாகத் தாம்பரம் போனால், அவர் 1928-இல் தொடங்கிய சானடோரியம் இருக்கிறது. 1937-இல் அதை அரசு ஏற்றுக்கொண்டது. அதன் பெயரில் ஒரு ரயில் நிலையமே உண்டு. நீண்டகால நோயாளிக்கென்று தனியாக ஓர் இடம், நல்ல காற்று, ஓய்வு, ஆகாரம் என்பதே அன்றைய வைத்தியம். 2004 ஏப்ரலில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இலவசக் கூட்டுமருந்து தர அரசு தொடங்கியபோதும், முதலில் தேர்ந்தெடுத்த ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று.

ஆனால் படுக்கை எத்தனை போட்டாலும் காசநோயாளிகளுக்குப் போதவில்லை. எனவே 1956-இல் சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்து ஒரு மையம் தொடங்கின. ராமானுஜன் கண்மூடிய அதே சேத்துப்பட்டில்தான். 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்ததுபோல் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை நெரிசலான தங்கள் வீடுகளிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் 92 சதவீதம் பேர் தேறினர், வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் ஒட்டவில்லை. உலகம் சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

எல்லோரும் மருந்தின் வெற்றி என்பார்கள். குமாஸ்தாவான எனக்கு வேறொன்று தெரிகிறது. மையத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், எழுதிவைத்தார்கள். நோயாளி வீட்டில் இருந்தாலும் அவருடைய கட்டு ஒரே இடத்தில், ஒருவர் பொறுப்பில் இருந்தது.

இன்று நம்மிடம் நல்ல திட்டங்கள் இல்லாமலில்லை. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் அரசும் தனியாரும் சேர்ந்து 600-க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எங்கள் தெருப் பையன் பிழைத்ததே அதனால்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறது. முதல் இரண்டு நாளுக்கு ஏற்பாடு உண்டு, வீடு திரும்பிய பிறகும் உண்டு. நடுவில் இருக்கும் ஐந்தாறு மாதத்தில்தான் குடும்பம் திண்டாடுகிறது. ஆஸ்பத்திரிகள் கைகோப்பது என்றால் ஆம்புலன்ஸ் அனுப்புவது மட்டுமல்ல. ஆள் போகுமுன் காகிதம் போக வேண்டும், போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஒருவர் வேண்டும்.

என்னால் முடிந்தது சிறிதுதான். கடையில் ஒரு பைல் வாங்கி, அந்த அம்மா பிளாஸ்டிக் பையில் திணித்து வைத்திருந்த சீட்டுகளையெல்லாம் தேதி வரிசையில் அடுக்கினேன். முதல் பக்கத்தில் என்ன அடி, என்ன ஆபரேஷன், இப்போது என்னென்ன மாத்திரை, எது நிறுத்தக்கூடாது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ளதை உள்ளபடி ஒரே தாளில் எழுதினேன். முதுகில் பையன் பெயர்.

போன மாதம் மறுபரிசோதனைக்குப் போனார்கள். டாக்டர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "இதை யார் எழுதினது?" என்று கேட்டாராம். தொண்டைக் குழாயை எடுத்தாகிவிட்டது. நேற்று வாசலில் என்னைப் பார்த்து, கரகரத்த குரலில், "தாத்தா" என்றான்.