தாத்தா காலத்து ஜீப் பிக்கப்புக்குப் பெரிய வீல்... வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஆற்காடு, திமிரி, கலவை பக்கம் இருக்கும் மெக்கானிக் ஷெட்களில் இன்னமும் பழைய மஹிந்திரா ஜீப் பிக்கப்களைப் பார்க்கலாம். முன்னால் ஜீப் முகம், பின்னால் திறந்த பாடி. மல்லாட்டை மூட்டை, கரும்பு, ராணிப்பேட்டை டேனரிக்குப் போகும் தோல் என எல்லாவற்றையும் சுமந்த வண்டிகள். இப்போது அவற்றில் சில, பேரன்கள் கைக்கு வந்திருக்கின்றன. பெயின்ட் அடிச்சாச்சு, சீட் மாத்தியாச்சு. அடுத்து மனசு போற இடம், வீல்!

இன்ஸ்டாவில் பார்க்கும் பெரிய அலாய், தடித்த டயர் எல்லாம் நம்ம வண்டிக்கும் செட் ஆகுமா? ஆகும். ஆனால், வீல் என்பது ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. பிரேக், ஸ்டீயரிங், கியர், லோடு, எஃப்.சி என வண்டியின் ஐந்தாறு விஷயங்களை அது ஒரே நேரத்தில் மாற்றிவிடும். அதனால், அழகைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கணக்கு.

ரிம் பெருசா... வீல் பெருசா?

பலரும் குழம்பும் இடம் இதுதான். 15 இன்ச், 16 இன்ச், 17 இன்ச் என்று கடையில் சொல்வது ரிம்மின் அளவு. வண்டிக்குத் தெரிவது ரிம் அல்ல. டயரோடு சேர்ந்த மொத்த விட்டம்.

பொலேரோ குடும்பத்தில் அதிகம் பார்க்கும் 215/75 ஆர்15 டயரை எடுத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் டயரின் பக்கச் சுவர் எத்தனை சதவிகித உயரம் என்பது. அதாவது 161 மி.மீ. இதை இரண்டால் பெருக்கி, 15 இன்ச் ரிம்முக்கு 381 மி.மீ சேர்த்தால், மொத்த விட்டம் 704 மி.மீ. இதே கணக்கை மற்ற சைஸ்களுக்கும் போட்டால்...

* 215/70 ஆர்16: 707 மி.மீ (0.6 சதவிகிதம் அதிகம்)
* 225/65 ஆர்17: 724 மி.மீ (3 சதவிகிதம் அதிகம்)
* 235/75 ஆர்15: 734 மி.மீ (4.3 சதவிகிதம் அதிகம்)
* 31x10.5 ஆர்15: 787 மி.மீ (12 சதவிகிதம் அதிகம்)

கவனிச்சீங்களா? 17 இன்ச் ரிம் போட்ட வீல், 15 இன்ச் ரிம்மில் 235/75 டயர் போட்ட வீலைவிடச் சின்னது! பழைய வில்லிஸ் வழி ஜீப்களில் வந்த 6.00-16 டயரின் விட்டம் சுமார் 725 மி.மீ. உங்கள் வண்டியில் இப்போது என்ன டயர் இருக்கிறதோ, அதற்குப் பதில் வண்டியோடு வந்த ஒரிஜினல் சைஸை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஏற்கெனவே யாராவது மாற்றியிருக்கலாம்.

பொதுவாக, ஒரிஜினல் விட்டத்திலிருந்து 3 சதவிகிதத்துக்குள் நின்றால் வண்டியின் குணம் பெரிதாக மாறாது. அதைத் தாண்டும்போதுதான் பிரச்னைகள் வரிசைகட்டும்.

12 சதவிகிதம் என்ன செய்யும்?

31 இன்ச் டயர் மாட்டிய வண்டியில் மீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 67 கி.மீ. ஓடோமீட்டரும் குறைவாகவே எண்ணும். நிஜத்தில் 112 கி.மீ ஓடியிருந்தால் 100 என்று காட்டும். 'டயர் மாத்தினதும் மைலேஜ் குறைஞ்சிடுச்சு' என்ற புலம்பலில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான்.

மீட்டரைவிட முக்கியமானது பிரேக். டிரம் கொடுக்கும் பிடிப்பு மாறாது. ஆனால், வீலின் ஆரம் கூடக்கூட, அந்தப் பிடிப்பு ரோட்டில் குறைவாகவே வேலை செய்யும். 12 சதவிகிதம் பெரிய வீல் என்றால், அதே மிதிக்குக் கிடைக்கும் பிரேக் விசை ஏறக்குறைய 11 சதவிகிதம் குறைவு. நான்கு பக்கமும் டிரம் பிரேக் உள்ள, முப்பது வயதைத் தாண்டிய வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. வாலாஜா பக்கம் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி, பின்னால் லோடும் இருந்து, முன்னால் போகும் லாரி சட்டென்று நின்றால், இந்த 11 சதவிகிதம் என்னவென்று தெரியும்.

இழுவையும் இதே விகிதத்தில் குறையும். எம்.எம்.540 மாதிரியான ஜீப்களில் இருந்த 2.1 லிட்டர் பீஜோ டீசல் இன்ஜினின் சக்தி சுமார் 62 குதிரைத்திறன்தான். பெரிய வீல் போட்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறினால், இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் கேட்கும். கிளட்ச் தேயும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி என்றால், அகல டயரோடு நின்ற இடத்தில் திருப்ப ஜிம்முக்குத் தனியாகப் போக வேண்டாம்!

போல்ட் பொருந்தினால் போதுமா?

ஐந்து போல்ட் துளைகளின் மையம் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் வரும் விட்டத்துக்கு பி.சி.டி என்று பெயர். வில்லிஸ் வழி ஜீப்களில் இது 139.7 மி.மீ. மாருதி ஜிப்ஸி, ஜிம்னியிலும் இதே 5 போல்ட், 139.7 தான். எனவே, கடையில் வீல் கிடைப்பது கஷ்டம் இல்லை. வீட்டிலேயே செக் பண்ண ஒரு வழி: பக்கத்துப் பக்கத்து போல்ட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்தால் சுமார் 82 மி.மீ வர வேண்டும். 67 வந்தால், அது 114.3 பி.சி.டி. 'கொஞ்சம் தட்டினா உட்காந்துரும்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

போல்ட் பொருந்திய பிறகும் மூன்று விஷயங்கள் பாக்கி.

நடுத்துளை: ஹப் உள்ளே நுழையும் துளை சின்னதாக இருந்தால் வீல் முழுசாகப் பதியாது. ஜீப்பின் ஹப் பெரியது; கார் அலாய்களில் பலவற்றில் அது நுழையவே நுழையாது.

ஆஃப்செட்: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க கெத்துதான். ஆனால், வீல் பேரிங்குக்கும் கிங்பின்னுக்கும் அது நெம்புகோல் மாதிரி. குழியில் விழும் ஒவ்வொரு அடியும் பெரிதாகிப் போய்ச் சேரும். ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளுவதும் இதே கதைதான்.

நட்: ஸ்டீல் டிஸ்க்கின் நட்டும் அலாயின் நட்டும் ஒன்றல்ல. நட்டின் கூம்பு, வீலின் துளையில் உள்ள கூம்போடு சரியாகப் பொருந்த வேண்டும். இன்னொன்று, பழைய வில்லிஸ் ஜீப்களில் இடது பக்க வீல் நட்டுகள் எதிர்த்திசை மரையோடு வந்தன. தெரியாமல் வழக்கமான பக்கம் முறுக்கினால் ஸ்டட் உடைந்து கையோடு வரும்.

லோடு எண்ணைப் படிங்க

டயரின் பக்கவாட்டில் சைஸுக்கு அடுத்து 100 எஸ் என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எழுத்து வேகத்துக்கு, எண் எடைக்கு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 95 என்றால் 690 கிலோ. கேட்க சின்ன வித்தியாசம்தான். ஆனால், பின் அச்சில் இரண்டு டயருக்கும் சேர்த்து 1,600 கிலோவாக இருந்த தாங்குசக்தி 1,380 ஆகிவிடும். ஒரே அடியில் 220 கிலோ போச்சு. காருக்கான ஸ்டைலான டயர்களை பிக்கப்பில் மாட்டும்போது நடப்பது இதுதான். வண்டி ஷோவுக்கு மட்டும் என்றால் வேறு கதை. வாரத்தில் நாலு நாள் மூட்டை ஏற்றுகிறீர்கள் என்றால், புது டயரின் எண் பழையதைவிடக் குறையவே கூடாது.

வீலுக்கும் இதே விதி. நல்ல அலாயின் பின்புறம் எவ்வளவு எடை தாங்கும் என்று பொறித்திருக்கும். ஜே.டபிள்யூ.எல் என்பது ஜப்பானியத் தர முத்திரை. சரக்கு வண்டிகளுக்கு ஜே.டபிள்யூ.எல்-டி என்று தனியாக உண்டு. எதுவுமே பொறிக்காத வீலை, விலை பாதி என்றாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பழைய ரிம்மை வெட்டி, நடுவில் பட்டை வைத்து வெல்டிங் அடித்து அகலமாக்கித் தரும் பட்டறைகளும் உண்டு. வேண்டவே வேண்டாம். லோடில் வெல்டிங் விட்டால் டயர் மட்டும் போகாது. அதேபோல், டியூப் டயருக்கான பழைய ரிம்மில் டியூப்லெஸ் டயரை அப்படியே போடக் கூடாது. டியூப்லெஸ் ரிம்மில் டயர் நழுவாமல் பிடிக்க உள்ளே ஒரு மேடு இருக்கும். பழைய ரிம்களில் அது இருக்காது.

அலாயா, ஸ்டீலா? உப்பைக் கேளுங்க!

நம்ம பெல்ட்டுக்கு மட்டும் உள்ள ஒரு விஷயம் இது. டேனரிக்கு வரும் பச்சைத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்பு போட்டுத்தான் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எங்கும் இதுதான் வழக்கம். அந்தத் தோலிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பாடி வழியாக இறங்கி வீலில்தான் விழும்.

குரோம் பூசிய ரிம்முக்கு உப்பு எமன். சின்னக் கீறல் விழுந்தாலே அதற்கடியில் துரு பரவி, குரோம் தோலாக உரியும். அலுமினிய அலாயும் இரும்பு ஹப்பும் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால், இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். நடு ரோட்டில் பஞ்சர் ஆகி வீலைக் கழற்ற முடியாமல் நிற்பது இப்படித்தான்.

தோல் ஏற்றும் வண்டி என்றால், பவுடர் கோட்டிங் செய்த ஸ்டீல் வீல்தான் சரி. குழியில் அடிபட்டால் ஸ்டீல் பெரும்பாலும் வளையும். அலாய் விரிசல் விடும். வளைந்ததைக் கண்ணால் பார்க்கலாம், விரிசல் சட்டென்று தெரியாது. அலாய்தான் வேண்டும் என்றால், லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் வீலைக் கழுவுங்கள். மாட்டும்போது ஹப் முகத்தில் லேசாக ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவுங்கள். போல்ட் மரையில் மட்டும் படக் கூடாது.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், ஜனவரி 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பிக்கப் சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்தால் இன்னொரு செக் உண்டு. எட்டு வயதைத் தாண்டிய வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி எடுக்க வேண்டும். மட்கார்டுக்கு வெளியே துருத்தும் வீலோடு போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால், விபத்துக்குப் பிறகு க்ளெய்மும் சிக்கலாகும்.

வண்டிக்கு 50 வயதைத் தாண்டிவிட்டதா? சரக்கு வாகனமாக இல்லாமல், சொந்த உபயோகத்துக்கான வண்டி என்றால், 2021-ல் வந்த விதிகளின்படி வின்டேஜ் வாகனமாகப் பதிய வாய்ப்பு உண்டு. ஆனால், ஒரிஜினல் வடிவத்தில் இருக்க வேண்டும். பதிந்தபின் தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ முடியாது. அப்படி ஒரு ஐடியா இருந்தால் பழைய டிஸ்க்குகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு அவைதான் பொக்கிஷம்.

அப்போ எதைத்தான் வாங்குறது?

* உழைக்கும் வண்டி: ஒரிஜினல் சைஸ் அல்லது உங்கள் மாடலுக்கே கம்பெனி கொடுத்த மாற்று சைஸ். ஸ்டீல் வீல், லோடு எண் குறையாத டயர்.
* பாதி வேலை, பாதி ஊர் சுற்றல்: 15 இன்ச் வண்டி என்றால் 16 இன்ச் ரிம்மில் 215/70 மாதிரி. ரிம் பெரிதாகத் தெரியும். மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான். லோடு எண்ணையும், ஆர்.டி.ஓ அலுவலகத்தையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.
* 31 இன்ச்: கமான் பட்டை, பிரேக், கியர் விகிதம் என எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிய வேலை. பொது ரோட்டில் ஓட்டும் பழைய பிக்கப்புக்கு ஏற்றதல்ல.

நான்கு அல்ல, ஸ்டெப்னியோடு ஐந்தாக பட்ஜெட் போடுங்கள். பின்னால் மட்டும் பெரிய வீல் போடும் ஃபேஷன், ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புக்கு ஆகவே ஆகாது. முன்னும் பின்னும் விட்டம் வேறாக இருந்தால், ஃபோர் வீலில் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் திணறிப்போகும்.

டயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ முத்திரையையும் தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் 2324 என்றிருந்தால் 2024-ன் 23-வது வாரத்தில் தயாரானது. டயரே நம்ம ராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணம் எம்.ஆர்.எஃப் ஆலையிலும் தயாராகிறது. கடையில் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட்டால் ஏன் வாங்க வேண்டும்?

மாட்டிய அன்று, வண்டியில் வழக்கமான லோடை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். காலியாக இருக்கும்போது உரசாத டயர், கமான் பட்டை அமுங்கியதும் மட்கார்டில் உரசும். நட்டுகளை வட்டமாக இல்லாமல் எதிரெதிராக முறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ ஓடியதும் ஒருமுறை மறுபடி டைட் செய்யுங்கள். பிறகு, காலி ரோட்டில் 40 கி.மீ வேகத்தில் பிரேக் அடித்துப் பாருங்கள். முன்பு நின்ற தூரத்தைவிட வண்டி கூடுதலாக ஓடி நின்றால், ரீல்ஸ் எடுப்பதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்.