பழைய எஞ்சினும் புதிய எண்ணெயும்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஒரு காரை அருமையாகப் பேணி வருபவர், கடையில் கிடைக்கும் எண்ணெய்களிலேயே புதிய தரமுடையதை வாங்கி ஊற்றினால் எஞ்சினின் ஆயுள் கூடும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அமெரிக்காவில் பழைய கார்களைப் புதுப்பித்து ஓட்டுவோரிடமிருந்து 2004 ஆம் ஆண்டை அடுத்து இதற்கு நேர்மாறான முறையீடு ஒன்று எழுந்தது. எஞ்சினைப் பிரித்து, புதிய கேம் தண்டு பொருத்தி, புதிய எண்ணெய் ஊற்றி ஓட்டியும், வெகு விரைவில் கேம் தண்டின் மேடுகள் தேய்ந்து உருண்டுபோயின என்றனர். எண்ணெய் மட்டமானதன்று, சோதனைகளில் தேறியதே. அப்படியானால் குற்றம் எங்கே? இதை அறிய எண்ணெயின் வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1883 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்னும் பொறியாளர் ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அச்சின் மேல் கவிந்திருந்த பித்தளைப் பகுதியில், எண்ணெய் விடுவதற்காக ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் அத்துளை வழியே உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வழிந்தது. துளையை அவர் அடைத்துப் பார்த்தார். அடைப்பையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது! பிறகு அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். பேரிங்கின் மீதிருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு. மானியின் முள்ளோ 200 பவுண்டையும் தாண்டிற்று. சுழலும் அச்சு எண்ணெயை ஆப்புப் போன்ற ஒடுங்கிய இடைவெளிக்குள் இழுத்துச் சென்று, அங்கு எழும் அழுத்தத்தினால் தானே மிதக்கிறது என்பதை 1886 இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணித முறையில் விளக்கினார். நமது பாடநூல்களில் வரும் ரெனால்ட்ஸ் எண்ணுக்கு உரியவரும் இவரே.

இத்தகைய மிதப்புக்கு எண்ணெயின் பாகுநிலையே ஆதாரம். ஆகவே 1911 இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. எண்ணெய்களைப் பாகுநிலையைக் கொண்டு வகைப்படுத்தத் தொடங்கியது. இன்று டப்பாவில் 20டபிள்யூ-50 என்று காண்பது அந்த வழியில் வந்ததுதான். குளிர்காலத்தைக் குறிக்கும் டபிள்யூ என்னும் எழுத்தோடு வரும் எண் குளிரில் எண்ணெய் நடந்துகொள்ளும் விதத்தையும், அடுத்த எண் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கின்றன.

பாகுநிலை சரியாயிருந்தால் போதுமே என்று மாணவர்கள் கேட்கலாம். கிராங்க் தண்டின் பேரிங்குகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் போதும்தான். கேம் தண்டின் கதை வேறு. வால்வைத் திறப்பதற்காகக் கேமின் மேடு டாப்பெட்டின் அடியை உரசிக்கொண்டே தள்ளுகிறது; வால்வின் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளுகிறது. இரண்டும் தொடும் இடம் ஒரு மெல்லிய கீற்று. அங்கே அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஒரு லட்சம் பவுண்டு அளவுக்கு எழக்கூடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறி உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. ரெனால்ட்ஸின் ஆப்பு இங்கே கைகொடுப்பதில்லை. இந்த நிலையில் எஞ்சினைக் காப்பது இயற்பியல் அன்று, வேதியியல். (இயற்பியல் ஆசிரியனாகிய நான் இதை மனமில்லாமல்தான் எழுதுகிறேன்.)

அந்த வேதிப்பொருளின் பெயர் சற்று நீளமானது: சிங்க் டைஆல்கைல் டைதயோபாஸ்பேட். துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் ஆகிய மூன்றும் அடங்கிய இச்சேர்மம் 1940களின் தொடக்கத்தில் எண்ணெயில் சேர்க்கப்பட்டபோது தேய்மானத்தைத் தடுப்பது யார் நினைவிலும் இல்லை. சூட்டில் எண்ணெய் ஆக்சிஜனேற்றமடைந்து அமிலமாகி, செம்பும் ஈயமும் கலந்த புதுவகைப் பேரிங்குகளை அரித்து வந்தது. அதற்கு மருந்தாகவே இது வந்தது. 1949 இல் கேடிலாக், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வால்வுகள் தலைப்பகுதியில் அமைந்த வி-8 எஞ்சின்கள் புகுந்தன. அடுத்த பத்தாண்டில் எஞ்சின்களின் வேகமும் ஸ்பிரிங்குகளின் வலுவும் ஏற ஏற, கேம்கள் தேயத் தொடங்கின. அரிமானத்துக்கு வந்த மருந்து இந்த நோயையும் தீர்ப்பதை அப்போதுதான் கண்டார்கள்.

அது வேலை செய்யும் முறை வியப்பானது. உரசலின் சூட்டிலும் விசையிலும் இச்சேர்மம் சிதைந்து, இரும்பின் மேல் பாஸ்பேட் கண்ணாடி போன்ற ஒரு படலமாகப் படிகிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கேமுக்குப் பதிலாக இப்படலமே தேய்கிறது. தேய்ந்த இடத்தில் மீண்டும் உண்டாகிறது. எங்கே உரசல் உண்டோ அங்கேதான் இது வளர்கிறது என்பது இதன் தனிச்சிறப்பு.

பிறகு காற்று மாசு பெரும் பிரச்சினையாயிற்று. 1975 ஆம் ஆண்டு மாதிரி முதல் பெரும்பாலான அமெரிக்கக் கார்களின் புகைக் குழாயில் பிளாட்டினம், பல்லேடியம் பூசிய வினையூக்கிக் கலம் இடம்பெற்றது. பெட்ரோலில் கலந்த ஈயம் அதற்கு நஞ்சு. எனவே ஈயமற்ற பெட்ரோல் வந்தது. எஞ்சினில் சிறிதளவு எரிந்துபோகும் எண்ணெயிலுள்ள பாஸ்பரஸும் வினையூக்கியின் மேல் படிந்து அதை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே பாஸ்பரஸின் உச்ச அளவு 0.12 சதவிகிதத்திலிருந்து 1996 இல் 0.10 ஆகவும், 2004 இல் 0.08 ஆகவும் குறைக்கப்பட்டது. இம்முடிவைக் குறைகூற எனக்கு மனமில்லை. கோடிக்கணக்கான கார்களின் புகையைத் தூய்மையாக்குவதா, சில ஆயிரம் பழைய கார்களின் கேமைக் காப்பதா என்றால் எது முக்கியம் என்பது வெளிப்படை. மேலும் 1980களின் நடுவிலிருந்து பல எஞ்சின்களில் தட்டை டாப்பெட்டுக்குப் பதிலாக உருளை வைத்த டாப்பெட் வந்துவிட்டது; உரசலின் இடத்தை உருளல் பிடித்துக்கொண்டதால் அவற்றுக்குக் குறைந்த பாஸ்பரஸே போதும். தட்டை டாப்பெட் கொண்ட பழைய எஞ்சின்கள், அதிலும் வலுவான ஸ்பிரிங் பூட்டியவை, கைவிடப்பட்டன. தேய்ந்த கேம்கள் அனைத்துக்கும் எண்ணெயே காரணம் என்பதும் சரியன்று; மட்டமான உலோகத்தில் செய்த டாப்பெட்டுகளுக்கும் இதில் பங்குண்டு.

நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கிக் கலம் கட்டாயமாயிற்று. அதற்கு முற்பட்ட, 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய அம்பாசடர் கார்களில் இருப்பது தட்டை டாப்பெட்தான். ஆகவே அமெரிக்கரின் கவலை நமக்கும் உரியது. ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. மேற்சொன்ன உச்ச வரம்பு 5டபிள்யூ-30 போன்ற இலேசான எண்ணெய்களுக்கே உரியது; 20டபிள்யூ-50 போன்ற கெட்டியானவற்றைக் கட்டுப்படுத்தாது. அதனால் எல்லாக் கெட்டி எண்ணெயிலும் பாஸ்பரஸ் மிகுதி என்று கொள்ளலாகாது. தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில் 0.10 முதல் 0.12 சதவிகிதம் வரை இருந்தால் போதுமானது. மிகுந்தால் மிக நல்லது என்று கூடுதல் மருந்தை வாங்கிக் கலப்போரும் உளர். 0.20 சதவிகித அளவை எட்டினால் அதே சேர்மம் நாளடைவில் இரும்பைத் தாக்கிக் கேமின் மேற்பரப்பு பெயரக் காரணமாகிறது.

கேம் தண்டைப் புதிதாக மாற்றியவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாலிப்டினம் டைசல்பைடு கலந்த பசையைக் கேமிலும் டாப்பெட்டின் அடியிலும் தடவிப் பூட்டி, எஞ்சினைக் கிளப்பியதும் மெதுவாக ஓடவிடாமல் நிமிடத்திற்குச் சுமார் 2000 சுற்று வேகத்தில் இருபது முதல் முப்பது நிமிடம் ஓட்டுவர். அந்த வேகத்தில்தான் எண்ணெய் தாராளமாகத் தெறித்துக் கேமை நனைக்கும். டாப்பெட்டும் தன் குழிக்குள் சுழன்று சீராகப் படியும். பாஸ்பேட் கண்ணாடியின் முதல் படலம் உருவாவதும் இந்த அரை மணி நேரத்தில்தான்.